பிஞ்சு பிடித்த ராட்சதப் பூசணியைச் சுற்றிக் கொடிகளை எப்போது, எவ்வளவு கவாத்து செய்ய வேண்டும்?

தளிர்விதை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்தப் பருவத்தில் முதன்முறையாக அட்லாண்டிக் ஜெயன்ட் விதையிலிருந்து ஒரே ஒரு ராட்சதப் பூசணிச் செடியை வளர்த்து வருகிறேன். சாதாரணப் பூசணியைப் பல ஆண்டுகள் வளர்த்திருந்தாலும், அதன் கொடியில் நான் கத்தரி வைத்ததே இல்லை. படர்ந்த இடமெல்லாம் படரட்டும், காய்த்த இடமெல்லாம் காய்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். அந்தப் பழக்கம் இந்தச் செடிக்கு உதவாது என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் எதை வெட்டுவது, எதை விடுவது என்பதில் எனக்குத் தெளிவு இல்லாததால், இங்கே விரிவாகக் கேட்கிறேன்.

தாய்க்கொடி இன்று ஐந்தரை மீட்டர் நீளம் இருக்கிறது. அடித்தண்டிலிருந்து 3.6 மீட்டர் தூரத்தில் உள்ள கணுவில் பெண்பூ மலர்ந்தபோது, முந்தைய மாலையே அதை உறையிட்டு மூடி வைத்து, விடியற்காலையில் மூன்று ஆண்பூக்களைக் கொண்டு நானே மகரந்தம் தடவினேன். இன்று அதற்குப் பத்தாம் நாள். பிஞ்சின் சுற்றளவு 52 சென்டிமீட்டர். நிறம் நன்றாக இருக்கிறது, தோலில் பளபளப்பு குறையவில்லை, நாளுக்கு நாள் வளர்வது கண்ணுக்கே தெரிகிறது. காப்பாக இருக்கட்டும் என்று, தாய்க்கொடியிலேயே இன்னும் முக்கால் மீட்டர் தள்ளி மற்றொரு பெண்பூவுக்கும் ஐந்து நாள் முன்பு மகரந்தம் தடவி வைத்திருக்கிறேன்.

என் முதல் குழப்பம் பிஞ்சு இருக்கும் அதே கணுவிலிருந்து, அதே பக்கத்தில் கிளம்பிய பக்கக்கொடி பற்றியது. நான் கவனிக்காமல் விட்டதில் அது 1.2 மீட்டர் நீண்டு, பிஞ்சின் விலாவை ஒட்டியே போகிறது. பிஞ்சு பெருத்தால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அதை இப்போதே முழுவதும் வெட்டினால், பிஞ்சுக்கு மிக அருகில் இவ்வளவு பெரிய காயம் ஏற்படுவது ஆபத்தில்லையா? வெட்டாமல் வேறு பக்கம் திருப்பிவிட முடியுமா?

இரண்டாவது குழப்பம் காம்பின் கோணம். காம்பு கொடியிலிருந்து நேர்குத்தாக வெளியே வராமல், கொடியின் நுனிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் பிஞ்சின் தோளுக்கும் தாய்க்கொடிக்கும் இடையே இரண்டு விரல் அகலம்தான் இடைவெளி இருக்கிறது. பிஞ்சுக்கு நிழல் தரும் கணு இலையின் காம்பு வேறு, காற்றடிக்கும்போது பிஞ்சின்மேல் உரசுகிறது.

கடைசியாக, பிஞ்சுக்கு அப்பால் ஓடும் தாய்க்கொடியின் நுனியையும், பக்கக்கொடிகளின் நுனிகளையும் உடனே கிள்ளிவிட்டால் சத்து முழுவதும் காய்க்கு வரும் என்று சிலர் சொல்கிறார்கள்; இப்போது கிள்ளினால் பிஞ்சு வெம்பிவிடும் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். இரண்டில் எது சரி? பல மாத உழைப்பு ஒரு கத்தரி வெட்டில் வீணாகிவிடுமோ என்ற கவலை உள்ளபடியே இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையகவாத்து எழுதியது:

தளிர்விதை அவர்களுக்கு வணக்கம். கேள்வியை அளவுகளோடு எழுதியிருக்கிறீர்கள். அதனால் பதில் சொல்வது எளிதாகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பிஞ்சைச் சுற்றி இந்த இரண்டு வாரங்களில் நாம் செய்யும் கவாத்து, சத்தைத் திருப்பிவிடுவதற்கானது என்று பலரும் எண்ணுகிறார்கள். என் அனுபவத்தில் அதன் முதல் நோக்கம் இடம் உண்டாக்குவதுதான். உங்கள் காய் மூன்றரை மீட்டர் சுற்றளவுக்கு வளர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் 1.1 மீட்டர் ஆகும். அதாவது காம்பு இருக்கும் இடத்திலிருந்து இரண்டு பக்கமும் ஏறத்தாழ 55 சென்டிமீட்டர் தூரத்துக்குத் தோள்கள் வந்து நிற்கும். இன்று இரண்டு கைகளுக்குள் அடங்கும் பிஞ்சைப் பார்க்கும்போது இதை நம்ப மனம் வராது. ஆகவே ஒரு குச்சியை 55 சென்டிமீட்டருக்கு வெட்டி, காம்பிலிருந்து இரு பக்கமும் தரையில் வைத்துப் பாருங்கள். அந்தக் குச்சி தொடும் எல்லைக்குள் எந்தக் கொடி, எந்த இலைக்காம்பு, எந்த வேர் இருக்கிறதோ, அது எல்லாமே இன்னும் நாற்பது நாட்களுக்குள் காயோடு மோதப்போகிறது. நீங்கள் முடிவெடுக்க வேண்டியது அந்த எல்லைக்குள் இருப்பவற்றைப் பற்றி மட்டுமே. அதற்கு வெளியே இருப்பவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கின்படி, பிஞ்சின் கணுவிலிருந்து அதே பக்கம் கிளம்பிய பக்கக்கொடி நிற்க வழியில்லை. திருப்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1.2 மீட்டர் நீண்ட கொடி அடிப்பகுதியில் தடித்து, வளைத்தால் முறியும் நிலைக்கு வந்திருக்கும். அப்படியே வளைந்து கொடுத்தாலும், அதன் அடி பிஞ்சின் தோளுக்குக் கீழேதான் கிடக்கும். நசுங்கிய கொடி அழுகும். அந்த அழுகல் கணு வழியாகக் காம்புக்கு வரும். ஆனால் ஒரே நாளில் முழுவதையும் வெட்ட வேண்டாம். பிஞ்சு இன்னும் உதிரும் ஆபத்தைத் தாண்டவில்லை. முதல் இரண்டு வாரங்களில் செடிக்கு ஏற்படும் எந்தத் திடீர் அதிர்ச்சியும், அது கடும் வெயிலாக இருந்தாலும் சரி, கவாத்தாக இருந்தாலும் சரி, பிஞ்சை வெம்ப வைக்கக்கூடும். இன்று அந்தப் பக்கக்கொடியின் நுனியை மட்டும் கிள்ளுங்கள். நான்கு நாள் கழித்து, பாதியாக வெட்டுங்கள். பிஞ்சு பதினாறாம் நாளைத் தாண்டி, தளராமல் வளர்ந்துகொண்டிருந்தால், மீதத்தையும் எடுத்துவிடுங்கள். எடுக்கும்போது கணுவோடு ஒட்ட வெட்டாமல், இரண்டு விரல் அகலத்துக்கு அடித்துண்டை விட்டு வெட்டினால், அது தானே காய்ந்து விழும். காயம் கணுவுக்குள் இறங்காது.

எதிர்ப்பக்கத்தில் அதற்கு அடுத்தடுத்த கணுக்களில் கிளம்பியுள்ள பக்கக்கொடிகளை வெட்டாதீர்கள். காய் வளரும் பக்கத்துக்கு எதிரே ஓடும் கொடிகள் காய்க்கு மிக அருகில் உணவு தயாரிக்கும் இலைகளைத் தாங்கி நிற்பவை. அவற்றைத் தாய்க்கொடிக்குச் செங்குத்தாக வெளியே ஓடவிடுங்கள். இந்தக் கொடிகளில் மேலும் கிளைக்கும் சிறுகொடிகளை மட்டும், விரலால் கிள்ளும் அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். அவற்றை ஒரு வாரம் விட்டால், இலைக்குமேல் இலை ஏறி, காற்றும் வெளிச்சமும் புகாத புதராகிவிடும்.

இனி காம்பின் கோணம். நீங்கள் எழுதியவற்றில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். நானே இதில் ஒரு காயை இழந்திருக்கிறேன். அந்தக் காய் பிடித்து முப்பத்தொன்றாம் நாள். நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்குமேல் கூடிக்கொண்டிருந்தது. காம்பின் அருகே கொடி மண்ணில் வேர்விட்டு இறுகியிருந்ததை நான் பெரிதாக எண்ணவில்லை. காய் உயர உயரத் தோள் மேலேறியது. தோளோடு காம்பும் மேலேறியது. ஆனால் கொடியை வேர்கள் கீழே பிடித்து வைத்திருந்தன. ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது காம்பு கொடியிலிருந்து பாதி பிய்ந்து நின்றது. அன்றிலிருந்து எனக்குக் கத்தரியைவிடப் பெரிய கவாத்துக் கருவி, மண்ணுக்குள் விரலை விட்டு வேரைத் துண்டிக்கும் ஒரு சிறு கத்திதான்.

ராட்சதப் பூசணியின் தாய்க்கொடி ஒவ்வொரு கணுவிலும் கீழ்நோக்கி வேர்விடும். அந்த வேர்கள் செடிக்கு வலிமை. அதனால்தான் கணுக்களை மண் அணைத்து மூடுகிறோம். ஆனால் காம்பிலிருந்து இரண்டு பக்கமும் முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை உள்ள கணுக்களில் அந்த வேர்கள் இருக்கக் கூடாது. அந்தப் பகுதியை மண் அணைக்காமல் விட்டிருந்தால் நல்லது. அணைத்திருந்தால், காம்புக்கு மிக அருகில் உள்ள கணுவில் தொடங்கி, நாளொன்றுக்கு ஒரு கணு வீதம், மண்ணைத் தளர்த்தி, வேரைத் துண்டித்து, கொடி தரையிலிருந்து தானாக எழும்பும்படி விடுவியுங்கள். அந்தக் கணுக்களில் மண்ணையோ செடிகளையோ சுற்றிப் பிடித்திருக்கும் பற்றுக்கம்பிகளையும் வெட்டிவிடுங்கள். பார்ப்பதற்கு நூல் போல இருந்தாலும், அவை கொடியை அசையவிடாமல் கட்டிப்போடும் வலிமை உடையவை.

கொடி விடுபட்ட பிறகுதான் கோணத்தைத் திருத்த முடியும். பிஞ்சைப் பிடித்து நகர்த்துவதைவிட, கொடியை நகர்த்துவது பாதுகாப்பானது. பிஞ்சின் இரண்டு பக்கமும் உள்ள கொடியைப் பிஞ்சிலிருந்து பின்னோக்கி வளையவிட்டால், வளைவின் வெளிப்புறத்தில் பிஞ்சு நிற்கும்; இரண்டு தோள்களுக்கும் இடம் கிடைக்கும். இதைக் காலையில் செய்யவே கூடாது. காலையில் கொடியும் காம்பும் நீர் நிறைந்து விறைத்திருக்கும். சற்று அழுத்தினாலும் முறியும். வெயில் ஏறி, இலைகள் லேசாகத் தொய்ந்திருக்கும் பிற்பகலில், ஒரு நாளைக்கு ஓரிரு விரல் அகலம் மட்டும் நகர்த்தி, கொடியின் இருபுறமும் குச்சி ஊன்றி அந்த இடத்தில் நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் காம்பு நேர்குத்தாக வந்துவிடும். அவசரப்பட்டு ஒரே நாளில் திருத்த முயல்வதைவிடச் சாய்ந்த கோணத்திலேயே விட்டுவிடலாம்.

உரசும் இலை பற்றி ஒரே வரியில் சொல்கிறேன்: அதை எடுத்துவிடுங்கள். பிஞ்சுத் தோலில் இன்று விழும் கீறல் காயோடு சேர்ந்து பெருகும். ஆனால் அந்த இலை தந்த நிழலுக்கு ஈடாக, உடனே ஒரு வெள்ளைத் துணியைப் பிஞ்சின்மேல் தொடாதபடி பந்தல் போலக் கட்டிவிடுங்கள். நேர் வெயில் பட்டால் தோல் சீக்கிரம் முற்றி இறுகிவிடும். பிறகு வளர்ச்சி வேகமெடுக்கும்போது தோல் நெகிழ்ந்துகொடுக்காமல் வெடிக்கும்.

மண்ணும்வேரும் எழுதியது:

பழையகவாத்து அவர்கள் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். பக்கக்கொடியை மூன்று தவணையில் வெட்டச் சொன்னதில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஒரு கொடியை மூன்று முறை வெட்டினால், மூன்று முறை காயம் உண்டாகிறது. மூன்று முறை சாறு வடிகிறது. பூச்சியும் பூஞ்சணமும் நுழைய மூன்று வாய்ப்புகள் கிடைக்கின்றன. தவணை வெட்டு முடியும் பதினாறாம் நாளில் அந்தக் கொடியின் அடி இன்னும் தடித்திருக்கும். என் தோட்டத்தில் நான் இதுபோன்ற கொடியை, பிஞ்சு பத்து நாள் தாண்டி ஆரோக்கியமாக இருந்தால், ஈரமில்லாத ஒரு காலையில் ஒரே வெட்டில் எடுத்துவிடுகிறேன். ஒரு பக்கக்கொடியின் ஏழெட்டு இலைகள் போவது, முழுச் செடியின் கணக்கில் பெரிய இழப்பாக எனக்குத் தோன்றவில்லை. இதுவரை அந்தக் காரணத்தால் பிஞ்சு வெம்பியதில்லை.

ஆனால் தாய்க்கொடியின் நுனி விஷயத்தில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன், நீங்களும் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். இப்போது தாய்க்கொடி பிஞ்சுக்கு அப்பால் இரண்டு மீட்டர்கூட ஓடவில்லை. இந்த நிலையில் நுனியைக் கிள்ளினால், காய்க்குப் பின்னால் இருக்க வேண்டிய இலைப்பரப்பும் வேர்ப்பரப்பும் உருவாகாமலே போய்விடும். இடம் அனுமதிக்குமானால், தாய்க்கொடி பிஞ்சைத் தாண்டி மூன்று மீட்டராவது ஓடட்டும். அந்தப் பகுதியின் கணுக்களை மண் அணைத்து வேர்விடச் செய்யுங்கள். பக்கக்கொடிகள் அடித்தண்டின் அருகே நீளமாகவும், நுனியை நோக்கிப் போகப் போகக் குட்டையாகவும் இருக்கும்படி, மூன்று முதல் மூன்றரை மீட்டரில் ஒவ்வொன்றாக நுனி கிள்ளினால் போதும். ஒரே நாளில் எல்லா நுனிகளையும் கிள்ளுவது, ஓடிக்கொண்டிருக்கும் பத்து வாய்க்கால்களை அடைத்து, தண்ணீர் முழுவதையும் ஒரே மடையில் திருப்புவதற்கு ஒப்பாகும். பிஞ்சாக இருக்கும்போது அதைத் தாங்குமா என்பது ஒரு கேள்வி. இருபதாம் நாளிலிருந்து நாற்பதாம் நாள் வரை காய் வேகமாக ஊதும் கட்டத்தில் அப்படிச் செய்தால், காய் வெடிக்கவே வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது பிஞ்சைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் பிஞ்சு பதினைந்து நாள் தாண்டும்வரை அதை வைத்திருங்கள். பிறகு மனத்தை உறுதிப்படுத்திக்கொண்டு எடுத்துவிடுங்கள். ராட்சதக் காய் வேண்டும் என்றால் செடிக்கு ஒரு காய்தான். இரண்டும் இருக்கட்டுமே என்று தோன்றும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இலைக்கணக்கு எழுதியது:

இரு நண்பர்களின் கருத்து வேறுபாட்டுக்குச் செடியின் உள்ளே நடப்பது ஓரளவு விடை சொல்லும் என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

எல்லா இலையும் காய்க்கு உணவு அனுப்புவதில்லை. நுனியில் விரியத் தொடங்கும் இலை, தான் வளர்வதற்கே பின்னால் உள்ள முதிர்ந்த இலைகளிடமிருந்து சர்க்கரையைப் பெறுகிறது. தன் முழு அளவில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எட்டும்போதுதான், அது பெறுவதை நிறுத்திவிட்டுக் கொடுக்கத் தொடங்குகிறது. ஆகவே வளர்ந்துகொண்டிருக்கும் ஒவ்வொரு நுனியும் உங்கள் பிஞ்சோடு ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு வாய்தான். ஆனால் அதே நுனி இன்று உண்டு வளர்ந்தால், மூன்று வாரம் கழித்து, காய்க்கு மிக அதிகப் பசி எடுக்கும் கட்டத்தில், பந்தி பரிமாறும் கையாக மாறியிருக்கும். பிஞ்சு பத்து நாளில் இருக்கும்போது அதற்குத் தேவைப்படும் உணவு மிகக் குறைவு. இருக்கும் இலைகளே அதற்குப் போதும். எனவே இன்று நுனிகளைக் கிள்ளிச் சேமிக்கும் சர்க்கரைக்கு அதிகப் பயன் இல்லை; அதற்காக இழக்கும் வருங்கால இலைகளின் மதிப்பு மிகப் பெரிது. மண்ணும்வேரும் அவர்கள் தாய்க்கொடியின் நுனியைக் காக்கச் சொன்னதை இந்தக் காரணத்தால் முழுமையாக ஆதரிக்கிறேன்.

சிறுகொடிகளை மட்டும் உடனே கிள்ள வேண்டும் என்பதற்கும் இதே கணக்குதான் காரணம். அவை விரிக்கும் இலைகள் ஏற்கெனவே இருக்கும் இலைகளுக்குக் கீழே நிழலில் விழும். உண்பவையாகத் தொடங்கி, கொடுப்பவையாக மாறும் வாய்ப்பே அவற்றுக்கு மிகக் குறைவு.

தவணை வெட்டா, ஒரே வெட்டா என்பதற்கு இதிலிருந்து கிடைக்கும் பதில்: அந்தப் பக்கக்கொடியின் பின்பாதியில் இருக்கும் மூன்று நான்கு இலைகள் ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருக்கும், அவை பிஞ்சின் கணுவிலேயே இணைந்திருப்பதால், அவற்றின் சர்க்கரை அதிக தூரம் போகாமல் பிஞ்சுக்குள் போக வாய்ப்புண்டு. அதனால் நுனியை இன்று கிள்ளிவிட்டு, பின்பாதியைச் சில நாள் வைத்திருந்து, பிறகு ஒரே வெட்டில் எடுப்பது இரண்டு கருத்துகளுக்கும் இடையில் பொருந்தும். நடுவில் ஒரு வெட்டு தேவையில்லை.

காம்பைப் பற்றிப் பழையகவாத்து அவர்கள் எழுதியதற்கு ஒரு துணைச் செய்தி. ராட்சதப் பூசணி ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, அது சாதாரண வகைகளைவிடச் சர்க்கரையை வேகமாகக் கடத்துவதில்லை என்றும், கடத்தும் குழாய்த் திசுவான புளோயம் அதில் அதிகமாக இருக்கிறது என்றும் கண்டறிந்தது. பல தலைமுறைகளாகப் பெரிய காயையே தேர்ந்தெடுத்து விதை எடுத்ததில் செடிக்கு வந்த மாற்றம் அது. காய்க்குப் போகும் உணவு முழுவதும் அந்தக் காம்பின் வழியாகத்தான் போயாக வேண்டும். காம்பு மடங்கினாலோ, கணுவில் விரிசல் விழுந்தாலோ, செடி முழுவதும் எத்தனை இலை இருந்தாலும் பயனில்லை. வேரைத் துண்டித்துக் கொடியை விடுவிப்பதும் காயின் உணவுப் பாதையைக் காக்கும் வேலையே.

தளிர்விதை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 55 சென்டிமீட்டர் குச்சியை வைத்துப் பார்த்தபோதுதான் நிலைமை எனக்கு உறைத்தது. அந்த எல்லைக்குள் நான் சொன்ன பக்கக்கொடி மட்டுமல்லாமல், இலைமறைவில் இருந்ததால் நான் கவனிக்காத இன்னொரு சிறுகொடியும், மண்ணில் நன்றாக வேர்விட்ட இரண்டு கணுக்களும் இருந்தன.

இலைக்கணக்கு அவர்கள் சொன்னபடி, பக்கக்கொடியின் நுனியை அன்றே கிள்ளினேன். உரசிய இலையை எடுத்துவிட்டுத் துணிப்பந்தல் போட்டேன். காம்புக்கு மிக அருகில் இருந்த கணுவின் வேரை நேற்று பிற்பகல் துண்டித்தேன். கத்தியை எடுத்ததும் கொடி ஒரு விரல்கிடை தானாக எழும்பியதைக் கண்டபோது, அது எவ்வளவு இறுக்கத்தில் இருந்திருக்கிறது என்பது புரிந்தது. பிஞ்சு பன்னிரண்டாம் நாளான இன்று 67 சென்டிமீட்டர் இருக்கிறது.

இப்போது இரண்டு சந்தேகங்கள் எழுந்துள்ளன. இலையை எடுத்த இடத்தில் காம்பின் அடிக்குழி திறந்த குழாய் போல நிற்கிறது. அதில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை எப்படிப் பாதுகாப்பது? அடுத்த சில நாள் மழை வரும் போலிருக்கிறது. பக்கக்கொடியை எடுக்கும் வேலையை மழைக்கு முன் முடித்துவிட வேண்டுமா, தள்ளிப்போட வேண்டுமா?

மண்ணும்வேரும் எழுதியது:

தள்ளிப்போடுங்கள். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஈரமான காற்றில் வெட்டுக்காயம் காய்வதற்குள் பூஞ்சணமோ பாக்டீரியாவோ உள்ளே போய்விடும். பிசின் வடிந்து தண்டு வெடித்து அழுகும் நோய் இந்தக் குடும்பத்துக் கொடிகளில் அடிக்கடி காயத்தின் வழியாகத்தான் நுழைகிறது. மழை ஓய்ந்து, இலைகளிலும் மண்ணின் மேற்பரப்பிலும் ஈரம் உலர்ந்த பிறகு, காலையில் வெட்டினால், மாலைக்குள் வெட்டுவாய் சுருங்கி மூடத் தொடங்கும். சில நாள் தாமதத்தால் தோளின் இடம் பறிபோய்விடாது. பிஞ்சு இன்னும் அந்தக் கொடியைத் தொடவில்லை.

பூசணியின் இலைக்காம்பு உள்ளே கூடானது. நடுவில் வெட்டினால் அது மழைநீரைப் பிடித்து வைக்கும் குவளையாகிவிடும். எனவே இலையை எடுக்கும்போது காம்பைக் கொடியோடு ஒட்டிய இடத்தில், கொடியின் தோலைத் தொடாமல், சாய்வாக வெட்டுவது நல்லது. இப்போது நீளமாக விட்டிருந்தால், உலர்ந்த நாளில் அதைக் குட்டையாக வெட்டி, வெட்டுவாய் கீழ்நோக்கிச் சாயும்படி விடுங்கள். மழை வருவதற்குள் வாய்ப்பில்லை என்றால், துணிப்பந்தலை அந்தக் கணுவையும் மறைக்கும் அளவுக்கு அகலப்படுத்தி, தண்ணீர் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழிக்குள் தேங்கியதைப் பஞ்சால் ஒற்றி எடுங்கள். காயத்தின்மேல் மெழுகு, களிம்பு போன்றவற்றைப் பூசுவதை நான் விரும்புவதில்லை. உள்ளே ஈரத்தை வைத்து மூடுவது அழுகலுக்கே உதவும்.

கத்தரியை ஒவ்வொரு செடிக்கும், முடிந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் முன், சாராயக் கிருமிநாசினியால் துடைத்துவிடுங்கள். ஒரு செடி மட்டும் இருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம். முன்பு வேறு எதையோ வெட்டிய கத்தரியாக இருக்கலாம்.

பழையகவாத்து எழுதியது:

பன்னிரண்டாம் நாளில் 67 சென்டிமீட்டர் என்பதும், இரண்டு நாளில் 15 சென்டிமீட்டர் கூடியிருப்பதும் மகிழ்ச்சி தரும் செய்தி. பக்கக்கொடியின் நுனியைக் கிள்ளியதாலோ, இலையை எடுத்ததாலோ பிஞ்சு பின்வாங்கவில்லை என்று பொருள். நடுவில் ஒரு வெட்டு வேண்டாம் என்று இலைக்கணக்கு அவர்கள் சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு தவணையே போதும்.

இனி ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், காயின் இடுப்பைச் சுற்றித் தரைக்கு இணையாக, அதே இடத்தில் நாடாவை வைத்து அளந்து குறித்து வாருங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பக்கத்தில் அன்றைய அளவையும் எழுதி வையுங்கள். ஒரு வெட்டுக்குப் பின் இரண்டு நாள் தொடர்ந்து வளர்ச்சி குறைந்தால், அடுத்த வெட்டை நிறுத்தி வைக்க வேண்டும். பெரும் வெயிலிலும் வளர்ச்சி குறையும் என்பதால், அன்றைய வெயிலையும் சேர்த்துக் குறித்தால்தான் எது காரணம் என்று பிரித்தறிய முடியும்.

மழைக்கு முன் கத்தரி வேண்டாம் என்பது சரி. ஆனால் மழைக்கு முன் செய்ய வேண்டிய வேறொரு வேலை இருக்கிறது. பிஞ்சின் கீழே மணலையோ, தண்ணீர் தேங்காத தடித்த வலைத்துணியையோ பரப்பிவிடுங்கள். பிஞ்சு கையால் தூக்கும் எடையில் இருக்கும் இந்த நாட்களோடு அந்த வாய்ப்பு போய்விடும். ஒருவர் காம்பு அசையாமல் கொடியையும் பிஞ்சையும் சேர்த்துச் சற்றே உயர்த்திப் பிடிக்க, மற்றவர் கீழே பரப்ப வேண்டும், தனியாகச் செய்யாதீர்கள். வழுவழுப்பான தளம் கிடைத்தால், காய் பெருக்கும்போது அதன் அடி தரையில் பிடித்துக்கொள்ளாமல் வெளிநோக்கி நகரும். அந்த நகர்வுக்கு ஏற்பக் காம்பின்மேல் இழுவை குறையும்.

இரண்டாவது வேர்க்கணுவையும், காம்பிலிருந்து ஒரு மீட்டருக்குள் வேர்விட்ட வேறு கணுக்கள் இருந்தால் அவற்றையும் மழை முடிந்ததும் விடுவியுங்கள். காம்பிலிருந்து அடித்தண்டுப் பக்கமாக இருப்பதை முதலில் எடுங்கள். நுனிப்பக்கத்தில் இருப்பதற்கு அடுத்த நாள். மழையில் நனைந்த மண்ணில் கணுக்கள் மறுபடியும் வேர்விட முயலும் என்பதால், விடுவித்த கொடிப்பகுதியின் கீழே ஒரு சிறு பலகையையோ தடித்த துணி மடிப்பையோ செருகி வைத்தால், வேர் மண்ணைத் தொடாது. கொடி இன்னும் உயர எழும்பும்போது அந்தப் பலகைக்குமேல் மற்றொன்றை வைத்துத் தாங்கல் கொடுக்கலாம்.

அடுத்த அளவை எழுதும்போது, தாய்க்கொடிக்கும் நுனிப்பக்கத் தோளுக்கும் இடையே இப்போது எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மூன்று விரலுக்குமேல் வந்திருந்தால், கொடியை மேலும் வளைக்கத் தேவையில்லை.